ரெண்டு பேர், ஒரு வீடு... கையில் எவ்வளவு வேணும்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, உள்தெரு ஒன்றில் புரோக்கரின் ஸ்கூட்டர் நிற்கிறது. பின்னாலேயே வந்த ஆட்டோவிலிருந்து இரண்டு பெண்கள் இறங்குகிறார்கள். ஒருத்திக்கு ஊர் தூத்துக்குடி, இன்னொருத்திக்கு ஈரோடு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பி.ஜி. ஹாஸ்டல் சாப்பாடு வெறுத்துப்போய் வீடு பார்க்கக் கிளம்பியிருக்கிறார்கள். இன்று பார்க்கும் மூன்றாவது வீடு இது. முதல் வீட்டில், "பேச்சிலர்ஸுக்குக் கொடுக்கறதில்லைம்மா" என்று கேட்டோடு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வீட்டில், "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்தது.

இந்த வீடு இரண்டாவது மாடி. இரண்டு படுக்கையறை, பால்கனியில் துணிக்கொடி, சமையலறையில் நல்ல வெளிச்சம். ஓனர் அம்மாவுக்கும் பெண்களைப் பிடித்துவிட்டது. "வாடகை இருபதும்மா. மெயின்டனன்ஸ் தனி, ஈ.பி. தனி. அட்வான்ஸ் ஒரு லட்சம். காலி பண்றப்ப பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவோம்." புரோக்கர் பக்கத்தில் நின்று, "நம்ம கமிஷன் ஒரு மாச வாடகை மேடம்" என்று நினைவூட்டுகிறார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "ஆளுக்குப் பத்தாயிரம்தானே... சமாளிச்சுடலாம்டி."

வேளச்சேரியில் மட்டுமல்ல, மேடவாக்கத்தில், பெருங்குடியில், போரூரில், தாம்பரத்தில் என்று சென்னையின் எல்லாத் திசைகளிலும் ஞாயிறுதோறும் இப்படித்தான் வீடு முடிவாகிறது. வாடகையை இரண்டால் வகுத்தால் வரும் எண்ணை வைத்துக்கொண்டு சாவியை வாங்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பணமும் போய் நட்பும் போய் நிற்கும் இளைஞர்களின் கதையைக் கேட்டுப் பாருங்கள். வாடகையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வாடகைக்கு வெளியே இருந்தவைதான் அவர்களைக் கவிழ்த்திருக்கும்.

மேன்ஷன் போய் டூ பி.எச்.கே. வந்தது

வேலை தேடி வந்த இளைஞர்களுக்குச் சென்னை முதலில் கொடுத்தது திருவல்லிக்கேணி மேன்ஷன்களை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், பொதுக் குளியலறை, தெருமுனை மெஸ். சினிமாக் கனவோடு வந்தவர்கள் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஓர் அறையை நான்கைந்து பேராகப் பகிர்ந்தார்கள். ராஜீவ் காந்தி சாலை என்று அரசு பெயர் வைத்தும் எல்லோரும் ஓ.எம்.ஆர். என்றே அழைக்கும் சாலை கணினி நிறுவனங்களால் நிரம்பிய பிறகு, வேலை தெற்கே நகர்ந்தது. அதன் பின்னாலேயே வாடகையும் நகர்ந்தது. பெண்களும் பெருமளவில் தனியாக வந்து தங்கத் தொடங்கினார்கள். பி.ஜி.க்கள் முளைத்தன. அதிலிருந்து ஒரு படி மேலே ஏறி, சொந்தமாகச் சமைத்து, சொந்தச் சாவியோடு வாழ ஆசைப்படுகிறவர்களின் முதல் வீடுதான் இந்த 'ஷேரிங்' வீடு.

அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. கணக்கை மட்டும் முன்கூட்டியே போட வேண்டும்.

உள்ளே நுழைய மூன்றரை மாதச் சம்பளம்

ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்று ஆஃபர் லெட்டரில் இருந்தால், பி.எஃப். உள்ளிட்ட பிடித்தங்கள் போக மாதம் கையில் வருவது 26,000 ரூபாய்க்கு அக்கம்பக்கம் நிற்கும். அந்தச் சம்பளக்காரர்கள் இருவர் மேலே சொன்ன 20,000 ரூபாய் வீட்டை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பெட்டிச் செய்தி: பால் காய்ச்சும் முன்னே ஆகும் செலவு
அட்வான்ஸ் (5 மாத வாடகை): 1,00,000
முதல் மாத வாடகை: 20,000
புரோக்கர் கமிஷன்: 20,000
குட்டியானை வண்டி, அக்ரிமென்ட் செலவு: 5,000
அடுப்பு, காஸ், செகண்ட் ஹேண்ட் ஃபிரிட்ஜ், மெத்தை, பாத்திரம், பக்கெட் வகையறா: 35,000
மொத்தம்: 1,80,000 ரூபாய். ஆளுக்கு 90,000.
(இது மாதிரிக் கணக்கு. ஏரியாவைப் பொறுத்து, வீட்டின் வயதைப் பொறுத்துக் கூடும், குறையும்.)

தொண்ணூறாயிரம் என்பது ஏறக்குறைய மூன்றரை மாதச் சம்பளம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளையிடம் அது எப்படி இருக்கும்? அப்பா கடன் வாங்கித் தருகிறார். இல்லையென்றால் அம்மாவின் வளையல் அடகுக்குப் போகிறது. இரண்டுக்கும் வழியில்லாதவர்கள் கைபேசியில் 'ஐந்து நிமிடத்தில் கடன்' என்று கூப்பிடும் செயலிகளிடம் போய் விழுகிறார்கள்.

பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தானே என்று அதைச் செலவில் சேர்ப்பதில்லை. ஆனால் நகையை வைத்துப் புரட்டிய 50,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் மாதம் 500 ரூபாய் போகிறது. நீங்கள் அந்த வீட்டில் இருக்கும் வரை அதுவும் உங்கள் வாடகையின் ஒரு பகுதி. ஓனரிடம் இருக்கும் உங்கள் பணத்துக்கு ஓனர் வட்டி தருவதில்லை, நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ஆகவே இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது வாடகையை மட்டும் பார்க்கக் கூடாது. 19,000 வாடகைக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ் கேட்கும் வீட்டைவிட, 20,000 வாடகைக்கு மூன்று மாத அட்வான்ஸ் போதும் என்கிற வீடு மலிவு.

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் நெடுநாள் வழக்கம். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதமாக இறங்கியிருக்கிறது. பேசினால் இறங்கும் என்பதும் உண்மை. வாடகையில் ஐந்நூறு குறைக்கச் சொல்லி மன்றாடுவதைவிட, அட்வான்ஸில் ஒரு மாதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஓனர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மூன்று மாத ஈ.பி. பாக்கியையும் உடைந்த கதவையும் விட்டுவிட்டு இரவோடிரவாகக் காலி செய்துபோன பேச்சிலர்களைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பலருக்கு மாடிப் போர்ஷன் வாடகைதான் பென்ஷன். அவர்களுக்கு அட்வான்ஸ் என்பது பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்பின் பாரம் முழுவதும் சம்பாதிக்கத் தொடங்கியவர்களின் தலையில் விழுகிறது.

மாதாமாதம் ஓடும் மீட்டர்

வாடகையில் ஆளுக்குப் பத்தாயிரம். மெயின்டனன்ஸ் 2,000 என்றால் ஆளுக்கு ஆயிரம். ஈ.பி. பில்லைச் சராசரியாக்கினால் 900. கேன் தண்ணீர் 250, காஸ் 250, இன்டர்நெட் 350. பாத்திரம் தேய்த்து வீடு பெருக்க வரும் அக்காவுக்கு ஆளுக்கு 1,250. மளிகை, காய்கறி, பால் சேர்த்து 4,000. கூட்டிப் பாருங்கள், 18,000 வருகிறது. 26,000 சம்பளத்தில் மிச்சம் 8,000. அதற்குள் பஸ், போன் ரீசார்ஜ், ஆபீஸ் மதியச் சாப்பாடு, துணிமணி, மருந்து, ஊருக்குப் போய்வரும் டிக்கெட் எல்லாம் அடங்க வேண்டும்.

ஊருக்கு அனுப்பும் பணம் இன்னும் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

நம் வீடுகளில் முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கும் பிள்ளை தனக்கு மட்டும் சம்பாதிப்பதில்லை. தம்பியின் காலேஜ் ஃபீஸ், அக்கா வீட்டு வளைகாப்பு, அப்பாவின் சுகர் மாத்திரை என்று ஒவ்வொரு மாதமும் ஒன்று இருக்கும். கல்விக் கடன் வாங்கிப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் காத்திருக்கிறது. வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் படிப்புக் காலமும் அதன் பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்டத் தேவையில்லை. அதன் பிறகு தவணை தொடங்கிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடச் சம்பளத்தை நம்பி வீடு எடுக்கிறவர்களுக்கு, இரண்டாம் வருடம் இ.எம்.ஐ. வந்து கழுத்தைப் பிடிக்கிறது. இன்றைக்குக் கட்டுப்படியாகிறதா என்று கேட்காதீர்கள். இ.எம்.ஐ. தொடங்கும் மாதத்தில் கட்டுப்படியாகுமா என்று கேளுங்கள்.

மேலே சொன்ன கணக்குப்படி, 26,000 வாங்குகிறவருக்கு 20,000 ரூபாய் வீட்டில் பாதி என்பதே அதிகம். 15,000 ரூபாய் வீட்டில் பாதி என்றால் மூச்சுவிட இடம் கிடைக்கும். அப்படியானால் மேடவாக்கம் தாண்டிப் போகலாமா? போகலாம். ஆனால் அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. வாடகையில் ஆளுக்கு 2,500 மிச்சமாகும். பைக் டாக்ஸிக்கு ஒரு தடவைக்கு 80 ரூபாய், மாதம் 22 நாள், போக வர என்றால் 3,520 ரூபாய். மிச்சம் பிடித்ததற்கு மேலே ஓர் ஆயிரம் கைவிட்டுப் போய்விடும். 1,000 ரூபாய்க்கு மாநகரப் பஸ் மாதப் பாஸ் இருக்கிறது. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் டிக்கெட்டே இல்லை என்ற திட்டம் பலரின் பட்ஜெட்டைக் காப்பாற்றியிருக்கிறது. எனவே தூரமாகப் போவதென்றால் பஸ் போகிற தூரத்துக்குப் போங்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடக்கும் தெருவை இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். அந்தத் தெரு சரியில்லை என்றால் ஒவ்வொரு இரவும் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணமும் வாடகைதான்.

வேலைக்கு வரும் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. பட்ஜெட் இடித்தால் முதலில் கைவைப்பது அவருடைய சம்பளத்தில்தான். பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால் பத்து நாள் பணத்தைப் பிடிக்கிறார்கள். நீங்கள் லீவு போட்டபோது கம்பெனி உங்கள் சம்பளத்தைப் பிடித்ததா? அவருடைய மாதச் சம்பளமும் தீபாவளி போனஸும் கணக்கில் முதலிலேயே இருக்க வேண்டும்.

பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்

ஷேரிங் வீடுகளில் முதல் சண்டை பெரும்பாலும் ஏப்ரலில் வரும், ஏ.சி.யால் வரும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண விகிதமே வேறாகிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,124 ரூபாய். கூடுதலாகப் பத்தே யூனிட்தான், ஆனால் கூடுதல் பணம் 319 ரூபாய். காரணம், 500-க்குள் இருக்கும்வரை 101 முதல் 200 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. தாண்டிவிட்டால் அந்த நூறு யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு. அதற்கு மேல் ஏற ஏற யூனிட்டுக்கு 8.40, 9.45 என்று போகும்.

இப்போது இதை இருவருக்குள் வைத்துப் பாருங்கள். ஒருவர் அறையில் ஏ.சி. இருக்கிறது, மற்றவர் ஃபேனோடு படுக்கிறார். ஏ.சி. போடாத காலத்தில் 300 யூனிட், பில் 705 ரூபாய். கோடையில் ஏ.சி. ஓடி 700 யூனிட் ஆகிறது, பில் 3,825 ரூபாய். "வழக்கம்போலப் பாதி பாதி" என்றால் ஃபேன்காரர் 1,912 ரூபாய் கட்டுகிறார். அவர் உண்மையில் செலவழித்தது 353 ரூபாய்க்கு. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் தோழனின் தூக்கத்துக்காகக் கட்டுகிறார். வாய்விட்டுக் கேட்க நம்மவர்களுக்குக் கூச்சம். மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள். பிறகு அந்தக் கோபம் கழுவாத குக்கரின் மேலும், ஹாலில் கிடக்கும் செருப்பின் மேலும் வெடிக்கும்.

நியாயமான வழி, ஏ.சி. இல்லாத மாத பில்லை அடிப்படையாக வைத்து அதைச் சரிபாதியாக்கி, அதற்கு மேல் ஏறும் தொகை முழுவதையும் ஏ.சி.க்காரர் ஏற்றுக்கொள்வது. முடிந்தால் அந்த அறைக்கு ஒரு சப் மீட்டர் வைத்துவிடுங்கள், பேச்சே வேண்டாம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சில வீடுகளில் ஓனரே சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே விலையில் வசூலிக்கிறார். அந்த வீட்டில் இலவச 100 யூனிட் உங்களுக்குக் கிடைக்காது. தனி ஈ.பி. மீட்டர் இருக்கிறதா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்னே கேட்டுவிடுங்கள்.

பெரிய அறை, சின்னச் சம்பளம்

சரிபாதி எப்போதும் நியாயமில்லை. அட்டாச்டு பாத்ரூமும் பால்கனியும் உள்ள அறைக்கும், சமையலறைக்குப் பக்கத்தில் ஒரே ஜன்னலோடு இருக்கும் அறைக்கும் ஒரே வாடகை என்றால் யாரோ ஒருவர் நஷ்டப்படுகிறார். 11,000, 9,000 என்று பிரிக்கலாம். அட்வான்ஸையும் அதே விகிதத்தில் பிரியுங்கள்.

சம்பள வித்தியாசம் இதைவிடச் சிக்கலானது. ஒருவர் 26,000 வாங்குகிறார், இன்னொருவர் 55,000 வாங்குகிறார். அதிகம் வாங்குகிறவரின் கண்ணுக்கு லிஃப்ட் உள்ள அபார்ட்மென்ட்தான் படும். "பாதிதானே கொடுக்கப்போறே" என்பார். மற்றவருக்கு மறுக்க வெட்கம். என் தீர்ப்பு இதில் ஒன்றுதான்: குறைவாகச் சம்பாதிப்பவரின் சக்திக்கு ஏற்றபடிதான் வீடு பார்க்க வேண்டும். அதிக வசதி வேண்டும் என்கிறவர் கூடுதல் வாடகையையும் அவரே தரட்டும். அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றால், அந்த நட்பு ஒரே வீட்டில் இருக்கும் அளவுக்கு இன்னும் பழுக்கவில்லை.

பொருள் வாங்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகத் தவிருங்கள். ஃபிரிட்ஜை ஆளுக்குப் பாதி போட்டு வாங்காதீர்கள். ஒருவர் ஃபிரிட்ஜ் வாங்கட்டும், மற்றவர் வாஷிங் மெஷின் வாங்கட்டும். பிரியும் நாளில் அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டு போகலாம். காஸுக்கும் அவசரப்பட்டுப் பெரிய இணைப்பு எடுக்க வேண்டாம். முகவரிச் சான்று இல்லாமலே அடையாள அட்டையைக் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. தொடக்கத்துக்கு அது போதும்.

கூட இருப்பவர் கிளம்பும் நாள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

சேர்ந்து குடியேறும் இருவர் சேர்ந்தே காலி செய்வது அபூர்வம். ஒருவருக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கும். ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகும். கம்பெனி ஆட்குறைப்பு செய்யும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஏழாவது மாதம் ஒருத்தி வந்து, "அடுத்த மாசம் கிளம்பறேன்டி, என் அட்வான்ஸ் ஐம்பதாயிரத்தைக் குடுத்துடு" என்கிறாள். மற்றவள் ஓனரிடம் கேட்டால், "வீட்டைக் காலி பண்ணினாத்தாம்மா அட்வான்ஸ். உங்களுக்குள்ள பார்த்துக்கோங்க" என்கிறார். அவர் சொல்வதில் தவறில்லை.

இனி நிற்பவளின் நிலையைப் பாருங்கள். 26,000 சம்பளத்தில் 20,000 வாடகையை அவள் ஒருத்தியே கட்ட வேண்டும். கிளம்புகிறவளுக்கு ஐம்பதாயிரம் புரட்ட வேண்டும். புதிய ரூம்மேட்டைத் தேட வேண்டும். அவசரத்தில் யார் வந்தாலும் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அக்ரிமென்ட் இவள் பெயரில் மட்டும் இருந்தால் சட்டப்படி முழுப் பொறுப்பும் இவளுடையது. அக்ரிமென்ட் கிளம்புகிறவள் பெயரில் இருந்தால் கதை இன்னும் மோசம். இவளுக்கு அந்த வீட்டில் உரிமை என்று எதுவும் இல்லை, கொடுத்த அட்வான்ஸுக்குச் சாட்சியும் இல்லை.

கடைசியில் பெயின்டிங். முதலில் போனவள் தன் பங்கை முழுசாக வாங்கிக்கொண்டு போய்விடுவாள். இரண்டு வருடம் கழித்துக் கடைசியாகக் கதவைப் பூட்டுகிறவளின் அட்வான்ஸில்தான் 20,000 ரூபாய் கழியும். இருவரும் ஆணியடித்த சுவர், ஒருத்தி மட்டும் பணம் கட்டுகிறாள்.

இவையெல்லாம் குடியேறும் முன்னே ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் தீரக்கூடியவை. அக்ரிமென்ட்டில் இருவர் பெயரும் இருக்கட்டும். அட்வான்ஸில் அவரவர் பங்கை அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து நேராக ஓனருக்கு அனுப்புங்கள். ரொக்கமாகக் கேட்டால் ரசீது வாங்குங்கள். பிறகு இருவருக்குள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்புகிறவர் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், புது ஆளைப் பிடித்துத் தருவது யார் பொறுப்பு, அட்வான்ஸ் பங்கு எத்தனை நாளில் திரும்பும், பெயின்டிங் பணத்தைத் தங்கிய மாதக் கணக்கில் எப்படிப் பிரிப்பது, விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம், நடு மாதத்தில் கிளம்பினால் ஈ.பி. மீட்டர் ரீடிங்கை யார் படமெடுத்து வைப்பது. எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இன்னொன்றும் செய்யுங்கள். முதல் ஆறு மாதத்துக்குள் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தனியே ஒதுக்கி, யாரும் தொடாமல் வைத்திருங்கள். ஓர் அறை ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அந்தப் பணம் உங்களைக் காப்பாற்றும்.

'ஃப்ரெண்டுகிட்டப் போய் எழுதி வாங்கறதா?' என்று தயங்குவார்கள். அண்ணன் தம்பியே பாகப்பிரிவினைக்குப் பத்திரம் எழுதுகிற ஊர் இது.

பெட்டிச் செய்தி: சட்டம் உங்கள் பக்கம் என்ன வைத்திருக்கிறது?
1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம், 2017 இப்போது நடைமுறையில் உள்ளது. அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 22.
* வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இணையவழியே விண்ணப்பிக்கலாம்.
* அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஆனால் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதுவே செல்லும்.
* காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.
* ஓனரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டையோ ஓர் அறையையோ உள்வாடகைக்கு விடக் கூடாது. புது ரூம்மேட் வரும்போது ஓனரிடம் எழுதி வாங்குவது இதனால்தான் முக்கியம்.
* வாடகைத் தகராறுக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ ஓனர் துண்டிக்க முடியாது.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு கேட்கிறவர்கள், அவரவர் கொடுத்த பங்குக்கு அவரவர் பெயரில் தனித்தனி ரசீது வாங்க வேண்டும். புதிய வரி முறையில் இந்தக் கழிவு கிடையாது.

பெயரைக் கேட்டதும் போய்விடும் வீடு

வீட்டு பட்ஜெட்டைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எல்லா இளைஞர்களுக்கும் ஒரே விலையில் வீடு கிடைப்பதில்லை. போனில் "வாங்க, வீடு காலியாத்தான் இருக்கு" என்றவர், பெயரைக் கேட்டதும் "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்" என்பார். இஸ்லாமியப் பெயர் என்றால் அது நடக்கும். ஊர் எது, தெரு எது, என்ன ஆளுங்க என்று சுற்றி வளைத்துக் கேட்டுச் சாதி தெரிந்ததும் நடக்கும். 'சைவம் மட்டும்' என்ற பலகை பல நேரம் சமையலைப் பற்றியது மட்டும் அல்ல. அப்படி மூன்று நான்கு வாசல்களில் திருப்பி அனுப்பப்பட்டவர், கடைசியில் கிடைத்த வீட்டுக்குக் கேட்ட வாடகையைக் கொடுக்கிறார். கேட்ட அட்வான்ஸைக் கொடுக்கிறார். ஆபீஸிலிருந்து இன்னும் தள்ளிப்போய்த் தங்குகிறார். பாகுபாட்டுக்கு ரூபாயில் ஒரு விலை உண்டு, அதை ஒவ்வொரு மாதமும் அவர் கட்டுகிறார். கூட வீடு தேடும் நண்பர்கள், "உன் பேரைச் சொல்ல வேண்டாம், நான் பேசிக்கறேன்" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், அப்படிப்பட்ட வீட்டை வேண்டாம் என்று சேர்ந்தே விட்டு வர வேண்டும்.

தண்ணீரையும் மழையையும் கேளுங்கள்

2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஓ.எம்.ஆர். கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை மறந்திருக்க மாட்டோம். அந்தச் சாலையையொட்டிய பல குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பியிருப்பவை. போர் உப்பாக இருந்தால், லாரி அடிக்கடி வந்தால், கோடையில் மெயின்டனன்ஸ் ஏறும். "போன மே மாசம் மெயின்டனன்ஸ் எவ்வளவு வந்துச்சு?" என்று பக்கத்து ஃபிளாட்டில் கேளுங்கள், ஓனரிடம் கேட்பதைவிட நம்பகமான பதில் கிடைக்கும்.

அதேபோல மழை. 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்துக்கு இரண்டாயிரம் குறைவு என்று சொன்னால், அது ஏன் குறைவு என்று தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடம் விசாரியுங்கள். ஃபிரிட்ஜும் பைக்கும் மெத்தையும் ஒரே இரவில் போனால், ஒரு வருடம் மிச்சம் பிடித்தது அதோடு சரி.

தனி வீட்டுக்குப் பணம் தேறாத பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் ஒரு நல்ல இடைவழி. தாம்பரம் உள்ளிட்ட இடங்களில் செயல்படுகின்றன. ஒரு வருடம் அங்கே தங்கி அட்வான்ஸைச் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டு வீடு எடுப்பது, அம்மாவின் வளையலை அடகு வைப்பதைவிட மேல்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை இருக்கிறது. மூன்று மாத அட்வான்ஸ் என்று சட்டத்தில் எழுதி, 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்' என்று கதவைத் திறந்துவைத்ததால்தான் ஐந்தும் ஆறும் பத்தும் மாதங்கள் கேட்கப்படுகின்றன. வீடில்லாமல் நிற்கிறவர், ஓனர் நீட்டும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் கையெழுத்துப் போடத்தான் செய்வார். அந்த விலக்கை நீக்கி, மூன்று மாதம் என்பதை மீற முடியாத வரம்பாக்க வேண்டும். மேலே சொன்ன 20,000 ரூபாய் வீட்டில் அந்த ஒரு திருத்தத்தால் குடியேறும் செலவு ஆளுக்கு 20,000 ரூபாய் குறையும்.